துளையிடும் ரோபோ கை: குழுவாக வடிவமைத்துக் கட்ட முழுமையான வழிகாட்டி

இதன்படி செய்தால், 18 மி.மீ. சில்வர் ஓக் பலகையிலும் 2 மி.மீ. அலுமினியத் தகட்டிலும் சொன்ன இடத்தில் 5 மி.மீ. வரை துளை போடும் கை ஒன்று மேசைமேல் நிற்கும். ஐந்து பேர் வாரத்துக்கு இரண்டு நாள் உட்கார்ந்தால் பத்து முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். நீலகிரியில் உள்ள பாலிடெக்னிக், பொறியியல், மேல்நிலைப் பள்ளி மாணவர் குழுக்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். மழை, குளிர், மின்வெட்டு, கோவைக்குப் போய்வரும் தூரம் எல்லாம் கணக்கில் சேர்ந்திருக்கிறது.

புதியவர்கள் பெரும்பாலும் மோட்டார் வாங்கி, கையை ஆட்டிப் பார்த்துவிட்டு, கடைசி வாரத்தில்தான் ட்ரில்லை மாட்டுகிறார்கள். அப்போது பலகையில் துளை விழாது, கைதான் மேலே எழும்பும். இதைத் தவிர்க்க ஒரே வழி: துளையிலிருந்து பின்னோக்கி வடிவமையுங்கள், அடித்தளத்திலிருந்து முன்னோக்கிக் கட்டுங்கள். கீழே உள்ள வரிசை அப்படித்தான் போகிறது.

1. முதல் தாளில் துளையை எழுதுங்கள்

துளையின் விட்டம், பொருள், தடிமன், இடப்பிழை எவ்வளவு வரை ஏற்கலாம், எவ்வளவு பரப்பில் துளை விழ வேண்டும். இந்த ஐந்துக்கும் எண் எழுதாமல் எந்தப் பொருளும் வாங்காதீர்கள். இங்கே எடுத்துக்கொண்டவை: 5 மி.மீ., சில்வர் ஓக் மற்றும் அலுமினியம், 18 மற்றும் 2 மி.மீ., கூடக்குறைய 0.5 மி.மீ., 150 × 200 மி.மீ. பரப்பு.

பட்டியலில் இரும்பு இல்லை. இரும்பில் துளையிடப் பல மடங்கு அழுத்தம் வேண்டும். அதைச் சேர்த்தால் இந்தக் கை வேறொரு இயந்திரமாகிவிடும். எல்லாப் பொருளிலும் துளையிடும் கை என்ற ஆசையை முதல் நாளே விட்டுவிடுங்கள்.

தேயிலைத் தோட்டத்து நிழல் மரமான சில்வர் ஓக் இங்கே எளிதாகக் கிடைக்கும். ஆனால் அறுத்த கையோடு வரும் பலகையில் ஈரம் இருக்கும். ஈரத்தூள் பிட்டின் (துளையிடும் முனைக்கம்பியின்) காடியில் அடைத்துக்கொள்ளும், பிட் சூடேறும், துளை கருகும். இரண்டு வாரமாவது அறைக்குள் காற்றுப்பட வைத்துவிட்டு எடுங்கள். கற்பூர மரம் (யூகலிப்டஸ்) இதைவிடக் கடினம். சோதனையை அதில் ஆரம்பிக்க வேண்டாம்.

2. அழுத்தத்தைத் தராசில் அளந்து பாருங்கள்

இதைச் செய்யாத குழு மற்ற எல்லாவற்றையும் ஊகத்தில் செய்கிறது. வேண்டியது மளிகைக் கடையில் இருக்கும் 30 கிலோ மின்னணுத் தராசு ஒன்று, நிலையாக நிற்கும் பில்லர் ட்ரில் (தூணில் பொருத்திய துளையிடும் இயந்திரம்) ஒன்று. கல்லூரிப் பட்டறையில் இல்லையென்றால் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டரிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் பட்டறையில் பில்லர் ட்ரில்லும் பெரும்பாலும் லேத்தும் இருக்கும்.

பில்லர் ட்ரில்லின் மேசைமேல் தராசு, தராசுத் தட்டின்மேல் ஒரு தடித்த அடிப்பலகை, அதன்மேல் துளையிடும் பலகை. இரண்டு பலகைகளையும் ஒன்றோடொன்று கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு தராசைச் சுழியாக்குங்கள். அடிப்பலகையின் பக்கவாட்டில் ஒரு நீளக் கட்டையை நிறுத்தி ட்ரில்லின் தூணோடு முட்டுக் கொடுத்தால் பலகை சுழலாது. இனி 5 மி.மீ. பிட்டால் நான்கு விநாடியில் 18 மி.மீ. இறங்கும் வேகத்தில் அழுத்துங்கள். தராசின் எண் ஓடுவதை ஒருவர் கைபேசியில் படமெடுக்கட்டும். நேரில் பார்த்தால் உச்ச எண் கண்ணில் படாது. மூன்று துளை புதிய பிட்டில், மூன்று துளை மழுங்கிய பிட்டில். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தபின் பிட் விஷயத்தில் யாரும் கஞ்சத்தனம் செய்ய மாட்டார்கள்.

அலுமினியத்தில் இதையே 2.5 மி.மீ. முன்துளை போட்டுவிட்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை செய்யுங்கள். பிட்டின் நட்டநடு விளிம்பு வெட்டுவதில்லை, தேய்த்துத் தள்ளுகிறது. அழுத்தத்தில் பெரும்பகுதி அதற்கே போகிறது. முன்துளை இருந்தால் அந்த விளிம்புக்கு வேலை இல்லை, எண் சடாரென்று இறங்கும். ஆகவே நம் கை அலுமினியத்தில் எப்போதும் இரண்டு தடவையாகத்தான் துளையிடும்.

கிடைத்த உச்ச எண்ணை ஒன்றரையால் பெருக்குங்கள். கீழே உள்ள கணக்கு முழுவதும் 10 கிலோவுக்கு, அதாவது சுமார் 100 நியூட்டனுக்குப் போட்டது. உங்கள் எண் அதைத் தாண்டினால் கையைப் பெரிதாக்க வேண்டாம், துளையைச் சிறிதாக்குங்கள்.

3. கையின் வகை: ஸ்காரா

மனிதக் கைபோல் மேலும் கீழும் மடங்கும் கை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் 35 செ.மீ. நீளத்தில் 10 கிலோ அழுத்தினால் தோள் மூட்டில் 350 கிலோ செ.மீ. திருப்புவிசை விழும். கடைகளில் எல்லோரும் வாங்கும் எம்ஜி996ஆர் சர்வோ மோட்டார் தருவது சுமார் 10. இந்த இடைவெளியை எந்த நிரலாலும் நிரப்ப முடியாது.

ஸ்காரா வகையில் தோள், முழங்கை இரண்டின் அச்சும் செங்குத்தாக நிற்கும்; கை கதவுபோல் கிடைமட்டத்தில் மட்டும் திறந்து மூடும். மேல் கீழ் அசைவைத் தூணில் உள்ள லீட் ஸ்க்ரூ (சுழன்று நட்டை மேலும் கீழும் நகர்த்தும் நீள மரைத்தண்டு) பார்த்துக்கொள்ளும். துளையின் அழுத்தம் மூட்டு மோட்டாருக்குப் போகாமல் பேரிங்குக்கும் ஸ்க்ரூவுக்கும் போகிறது. மோட்டார் கையைத் திருப்பினால் போதும்.

நீளம்: தோளிலிருந்து முழங்கை 200 மி.மீ., முழங்கையிலிருந்து பிட் 150 மி.மீ. தோள் அச்சிலிருந்து முன்னே 150 முதல் 300 மி.மீ. வரையும், பக்கவாட்டில் இருபுறம் 100 மி.மீ. வரையும் வேலைப்பரப்பு. தூர மூலை 316 மி.மீ.-இல் வருகிறது. 350 வரை கை நீளும் என்றாலும் முழுக்க நீட்டிய நிலைக்கு அருகே முழங்கை கட்டுப்பாட்டை இழக்கும், அதனால் அந்த ஓரத்தை விட்டுவிடுகிறோம்.

குழாய்: 40 × 40 × 2 மி.மீ. அலுமினியச் சதுரக் குழாய். 350 மி.மீ. நீட்டி நுனியில் 100 நியூட்டன் கொடுத்தால் இது சுமார் 0.28 மி.மீ. வளையும். 25 × 25 × 1.5 குழாய் என்றால் அதே இடத்தில் 1.6 மி.மீ. முப்பரிமாண அச்சில் எடுத்த பிஎல்ஏ பிளாஸ்டிக் கை அலுமினியத்தைவிட இருபது மடங்குக்குமேல் நெகிழும்; மூடி, ஒயர்ப்பிடி போன்றவற்றுக்கு அச்சு நல்லது, சுமை தாங்கும் இடத்துக்கு வேண்டாம்.

4. குழுவைப் பிரிக்கும் முறை

தூண், மூட்டு, துளைத் தலை, மின்சாரம், நிரல் என்று ஐந்து பங்கு. சண்டை வருவது பங்குகளுக்குள் அல்ல, இரண்டு பங்குகள் சேரும் இடத்தில்தான். தூண்காரர் நான்கு ஓட்டை போட்டிருப்பார், மூட்டுக்காரர் தகட்டில் மூன்று இருக்கும்.

அதற்கு ஒரே ஒரு ஏ3 தாள் போதும். அதில் பாகங்களை வரைய வேண்டாம். பாகங்கள் சேரும் முகங்களை மட்டும் வரையுங்கள். எத்தனை போல்ட், எம்5-ஆ எம்6-ஆ, இடைவெளி எவ்வளவு, எந்த ஓரத்திலிருந்து அளக்க வேண்டும், ஒயர் எந்தப் பக்கம் வெளிவரும். தாளைச் சுவரில் ஒட்டுங்கள். அதில் கைவைக்கும் உரிமை ஒருவருக்கு மட்டும்; மாற்றினால் தேதி போட்டுக் கையெழுத்து. கைபேசிக் குழுவில் வந்த பழைய படத்தைப் பார்த்து வெட்டிய தகடுதான் பெரும்பாலும் வீணாகிறது.

நிரலுக்கும் மின்சாரத்துக்கும் பொறுப்பானவர்கள் முதல் ஐந்து வாரம் சும்மா இருக்கக்கூடாது. மோட்டாரை மேசைமேல் வைத்தே எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்கலாம்.

5. பொருள்கள், கோவைக்கு ஒரே நடை

ஊட்டியிலிருந்து கோவை சுமார் 85 கி.மீ. ஒரு பேரிங்குக்காக மலையிறங்கி ஏறினால் ஒரு நாள் போச்சு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்தால் அந்த நாளும் கிடைக்காது. பட்டியலை முடித்துவிட்டு ஒரே தடவையில் வாங்குங்கள். சின்னதும் உடையக்கூடியதும் இரண்டிரண்டு கூடுதலாக.

தூணுக்கு: 125 × 65 மி.மீ. இரும்புச் சேனல் 450 மி.மீ.; 300 × 300 × 10 மி.மீ. இரும்பு அடித்தகடு; எஸ்பிஆர்16 ரெயில் 300 மி.மீ. இரண்டு, அதன்மேல் வழுக்கி ஓடும் பிளாக் நான்கு, 2 மி.மீ. லீட் (ஒரு சுற்றில் நட் நகரும் தூரம்) உள்ள டி8 ஸ்க்ரூ ஒன்று, கேஎஃப்எல்08 பேரிங் இரண்டு, 12 மி.மீ. அலுமினியத் தகடு ஒன்று.

மூட்டுகளுக்கு: 6004 பேரிங் நான்கு, 51104 திரஸ்ட் பேரிங் (தண்டின் நீளவாக்கில் வரும் அழுத்தத்தைத் தாங்குவது) நான்கு, 20 மி.மீ. இஎன்8 எஃகு உருளை, ஜிடி2 பல்சக்கரத்தில் 20 பல் நான்கும் 80 பல் நான்கும், அவற்றுக்கேற்ற பெல்ட். துளைத் தலைக்கும் இடைச் சக்கரங்களுக்கும் 608 பேரிங் எட்டு. 8 மி.மீ. தண்டுள்ள இஆர்11 கோலெட் (பிட்டைக் கவ்விப் பிடிப்பது), 12 வோல்ட் 775 மோட்டார், 5-க்கு 8 மி.மீ. ஸ்பைடர் கப்ளிங்.

மின்சாரத்துக்கு: நீமா 17 ஸ்டெப்பர் மோட்டார் (அடி அடியாகத் திரும்பும் வகை) மூன்று, அதை ஓட்டும் ஏ4988 டிரைவர் ஐந்து (மூன்றுதான் வேண்டும், ஆனால் வாங்குங்கள்), ஆர்டுயினோ ஊனோ (நிரல் ஓடும் கட்டுப்பாட்டுப் பலகை), அதன்மேல் டிரைவர்களைச் செருகும் சிஎன்சி ஷீல்டு, 24 வோல்ட் 5 ஆம்பியர் மின்வழங்கி ஒன்று, 12 வோல்ட் 20 ஆம்பியர் ஒன்று, லிமிட் ஸ்விட்ச் (அசைவின் எல்லையைக் காட்டும் ஸ்விட்ச்) நான்கு, சிறு கான்டாக்டர் (மின்சாரத்தை இணைத்து வெட்டும் காந்த ஸ்விட்ச்), பச்சை சிவப்பு பொத்தான், காளான் தலை அவசரப் பொத்தான்.

ஸ்க்ரூ வாங்கும்போது கவனம். கடையில் அதிகம் இருப்பது 8 மி.மீ. லீட் உள்ளது, பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். நட்டை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேலில் பாருங்கள். 8 மி.மீ. லீடில் மின்சாரம் போனதும் கை தானாக வழுக்கி இறங்கும், 2 மி.மீ. லீடில் நின்ற இடத்தில் நிற்கும். காற்றில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுவது வழக்கமாக உள்ள ஊரில் இது சின்ன விஷயமல்ல.

6. அட்டையில் ஒரு கை

200, 150 மி.மீ. மையத்தூரத்தில் இரண்டு அட்டைப் பட்டைகளை வெட்டி, குண்டூசியால் மூட்டுப்போட்டு, வேலைப்பரப்பை வரைந்த தாளின்மேல் நான்கு மூலைக்கும் கொண்டுபோய்ப் பாருங்கள். அரை மணி நேர வேலை. முழங்கை தூணில் இடிக்கிறதா, ஒயர் எங்கே இழுபடும், கிளாம்ப் எங்கே குறுக்கே வரும் என்பதெல்லாம் இதில் தெரிந்துவிடும். கிட்ட உள்ள ஓரத்தில் முழங்கை சுமார் 132 பாகை மடங்க வேண்டியிருக்கும். உங்கள் தகடுகள் அதற்கு இடம் தருகின்றனவா என்று இப்போதே பாருங்கள்.

7. தூண்

எல்லோரும் கையைத் தடிமனாக்குகிறார்கள், வளைவதோ தூண். மேலே கட்டப்படாத 16 மி.மீ. கம்பி இரண்டை நட்டு, 200 மி.மீ. உயரத்தில் இந்தக் கையைப் பொருத்தி 100 நியூட்டன் கொடுத்தால், கம்பிகளின் வளைவாலேயே கை நுனி கிட்டத்தட்ட 2 மி.மீ. தூக்கிக்கொள்ளும். அதே சுமையில் 125 மி.மீ. சேனலின் வளைவு நுனியில் 0.05 மி.மீ.-க்கும் குறைவு. அதனால்தான் இரும்புச் சேனல், அதனால்தான் சேனலில் முழு நீளமும் அமர்ந்த ரெயில்.

சேனலின் முதுகு உருட்டாலையில் வந்தபடி சமமாக இருக்காது. ரெயில் அமரும் முகத்தை ஒரு பட்டறையில் மில்லிங் செய்து வாங்குங்கள். அடித்தகட்டோடு வெல்டிங் வைத்தபின் மில்லிங் செய்வதுதான் சரியான வரிசை. வெல்டிங் சூட்டில் சேனல் கோணும். பின்புறம் இரண்டு முக்கோணத் தாங்கல் கட்டாயம்.

ரெயில்கள் 80 மி.மீ. மையத்தூரத்தில். முதல் ரெயிலை மூலைமட்டம் வைத்து இறுக்குங்கள், இரண்டாவதை லூசாக விடுங்கள். பிளாக்குகளில் தகட்டைப் பொருத்தி மேலும் கீழும் பத்து முறை ஓட்டி, அது தானாக அமர்ந்த இடத்தில் இரண்டாவது ரெயிலின் போல்ட்டுகளைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக இறுக்குங்கள். இரண்டையும் அளந்து முன்பே இறுக்கிவிட்டால் நடுவில் ஓடும், நுனியில் சிக்கும். ஒரே ரெயிலின் இரு பிளாக்குகளுக்கும் இடையே 120 மி.மீ. வேண்டும், நெருங்க நெருங்க ஆட்டம் பெருகும்.

லீட் ஸ்க்ரூவை மோட்டார் தண்டில் தொங்கவிடாதீர்கள். மோட்டாரை ஸ்க்ரூவோடு இணைக்கும் சுருள் கப்ளிங் இழுத்தால் ஸ்பிரிங்போல் நீளும். மேலும் கீழும் கேஎஃப்எல்08 வைத்து, அழுத்தத்தை அவை தாங்கும்படி காலரை ஒட்டி இறுக்குங்கள்.

இங்கே ஒரு நுட்பம். கையின் எடை ஸ்க்ரூ நட்டைக் கீழே தள்ளுகிறது, துளையின் எதிர்விசை மேலே தள்ளுகிறது. பிட் பலகையைத் தொடும் கணத்தில் நட்டின் ஆட்டம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவும். துளை அடியில் உடைந்து வெளியேறும் கணத்தில் திரும்பத் தாவி பிட் கடிக்கும். நகரும் தகட்டின் இரு பக்கமும் இழுப்பு ஸ்பிரிங் மாட்டி, கையின் எடையைவிடச் சற்று அதிகமாக எப்போதும் மேலே இழுக்கும்படி வையுங்கள். கை 4 கிலோ என்றால் பக்கத்துக்கு 3 கிலோ. இனி விசை எப்போதும் ஒரே திசையில். ஆட்டம் இருந்தாலும் வெளியே தெரியாது.

8. மூட்டுகள்

கை கனமாக இருக்கிறதே என்று திரஸ்ட் பேரிங்கைக் கீழே மட்டும் வைப்பது எல்லாக் குழுக்களிலும் பார்க்கும் பிழை. சும்மா இருக்கும்போதுதான் எடை கீழே அழுத்தும். துளையிடும்போது கை மேலே தூக்கப்படுகிறது. ஆகவே ஒவ்வொரு மூட்டிலும் 51104 கீழே ஒன்று, மேலே ஒன்று. நடுவில் 40 மி.மீ. இடைவெளியில் 6004 இரண்டு. தண்டின் மேல்முனையில் மரை வெட்டி இரட்டை நட் போட்டு, கையால் திருப்பினால் சற்றே கனமாகச் சுற்றும் அளவு இறுக்குங்கள்.

குழாயை மூட்டுத் தகட்டோடு போல்ட் போடும் இடத்தில் குழாய்க்குள் மரமுளையோ அலுமினியக் கட்டையோ செருகுங்கள். வெறும் குழாயை இறுக்கினால் சுவர் உள்ளே அமுங்கும், ஒரு வாரத்தில் போல்ட் லூசாகும்.

பல்சக்கரம் இரண்டு கட்டமாக 4 × 4, மொத்தம் 16-க்கு 1. ஸ்டெப்பரின் ஒரு முழு அடி 1.8 பாகை, 16-ஆல் குறைந்து 0.1125 பாகை, 350 மி.மீ. தூரத்தில் 0.69 மி.மீ. நுண்ணடி (ஒரு அடியை டிரைவர் சிறு பங்குகளாக்குவது) போட்டு இதை இன்னும் பிரிக்கலாம், ஆனால் சுமை வந்தால் நுண்ணடியை முழுக்க நம்ப முடியாது. ஒரே கட்டமாக 5-க்கு 1 போட்டால் முழு அடி 2.2 மி.மீ. ஆகிவிடும். கடைசிக் கட்டத்தில் 10 மி.மீ. அகல பெல்ட் நல்லது. முழங்கை மோட்டாரை முதல் குழாயின் மேலேயே, தோளுக்கு அருகில் வையுங்கள். அசையாத தகட்டில் வைத்தால் தோள் திரும்பும்போதெல்லாம் முழங்கையும் சேர்ந்து திரும்பும். நிரலில் அதற்கு வேறு திருத்தம் எழுத வேண்டிவரும்.

9. துளைத் தலை

775 மோட்டாரின் தண்டில் நேராகச் சக் மாட்டாதீர்கள். அந்த மோட்டாரின் பேரிங் பக்கவாட்டுச் சுழற்சிக்குச் செய்தது. 10 கிலோ பின்னோக்கித் தள்ளினால் சீக்கிரம் தண்டு உள்ளே போய் ஆட ஆரம்பிக்கும். 40 மி.மீ. இடைவெளியில் இரண்டு 608 பேரிங் உள்ள ஒரு அலுமினியக் கூட்டில் இஆர்11 தண்டை ஏற்றுங்கள். மோட்டார் மேலே, நடுவில் ஸ்பைடர் கப்ளிங். அழுத்தம் முழுவதும் கூட்டுக்குப் போகும், மோட்டார் சுழற்ற மட்டும் செய்யும்.

வேகம்: அலுமினியத்துக்கு நிமிடத்துக்கு 60 மீட்டர் வெட்டுவேகம் வைத்தால் 5 மி.மீ. பிட்டுக்குச் சுமார் 3,800 சுற்று. 3,000 வைத்தாலே போதும், மரத்துக்கும் அது ஒத்துவரும். சுற்றுக்கு 0.1 மி.மீ. இறக்கம் என்றால் விநாடிக்கு 5 மி.மீ. இதைவிட மெதுவாக இறக்கினால் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. பிட் வெட்டாமல் உரசும், மரம் கருகும்.

சாதாரண 5 மி.மீ. பிட் 86 மி.மீ. நீளம். அவ்வளவும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் முனை வழுக்கி நடக்கும். கோலெட்டுக்குள் முடிந்தவரை தள்ளி, 35 மி.மீ. மட்டும் வெளியே விடுங்கள்.

10. மின்சாரம்

இரண்டு மின்வழங்கி எதற்கு? துளை மோட்டாரின் பிரஷ் தீப்பொறி ஆர்டுயினோவை நடுவழியில் மீள்தொடக்கம் செய்துவிடும். தனி மின்வழங்கி, மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே 104 செராமிக் கபாசிட்டர், எதிர்த்திசை டயோடு, லிமிட் ஸ்விட்ச் ஒயர்கள் மோட்டார் ஒயர்களிலிருந்து விலகி ஓடுவது என நான்கும் சேர்ந்தால்தான் அடங்கும். துளை மோட்டாரை இயக்கி நிறுத்தும் மாஸ்ஃபெட்டின் (மின்னணு ஸ்விட்சின்) கேட் முனையிலிருந்து தரைக்கு 10 கிலோ ஓம் கட்டாயம்; இல்லையென்றால் ஆர்டுயினோ விழிக்கும் கணத்தில் ட்ரில் தானாகச் சுழலும்.

இரு மின்வழங்கிகளுக்கும் போகும் மின்சாரத்தைக் கான்டாக்டர் வழியாகக் கொடுங்கள். கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டர்போல, கரண்ட் போய் வந்தால் பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் ஓட வேண்டும். அவசரப் பொத்தான் அந்தக் கான்டாக்டரையே வெட்ட வேண்டும். பொத்தானை ஆர்டுயினோவின் ஒரு பின்னில் கொடுத்து நிரலில் நிறுத்துவது பாதுகாப்பல்ல. நிரல் உறைந்தால் பொத்தானும் உறையும். இரும்புத் தூணுக்கு எர்த் ஒயர் போடுங்கள்.

டிரைவரில் மின்னோட்டம்: அதிலுள்ள உணர்மின்தடையில் ஆர்100 (0.1 ஓம்) என்று இருந்தால், 1.2 ஆம்பியருக்கு ஒப்பு மின்னழுத்தம் 0.96 வோல்ட். ஒவ்வொன்றையும் மீட்டரில் அளந்து வையுங்கள். மின்சாரம் ஓடும்போது மோட்டார் ஒயரைக் கழற்றினால் டிரைவர் அந்த நொடியே எரியும். ஐந்து வாங்கச் சொன்னது இதற்குத்தான்.

லிமிட் ஸ்விட்சை மூட்டின் மையத்துக்கு அருகில் வைக்காதீர்கள். மையத்திலிருந்து 50 மி.மீ.-இல் 0.1 மி.மீ. பிழை என்றால் பிட்டில் அது 0.7 மி.மீ. ஆகும். 100 மி.மீ. தள்ளி வையுங்கள். இணைப்பு, தொடாதபோது மூடியிருக்கும் வகையில் இருக்கட்டும். ஒயர் அறுந்தாலும் கை நின்றுவிடும்.

11. நிரல்

துளையிடுவதற்குப் பாதை முக்கியமில்லை. மேலே தூக்கு, அடுத்த இடத்துக்குப் போ, இறங்கு. போகும் வழி வளைந்திருந்தால் என்ன? அதனால் ஸ்டெப்பரை ஓட்டும் தயார் நிரல்தொகுப்பான ஆக்செல்ஸ்டெப்பர் நூலகமே போதும். ஆனால் ஊனோவில் அது விநாடிக்குச் சுமார் 4,000 அடி வரைதான் தரும். செங்குத்து அச்சில் பதினாறில் ஒரு நுண்ணடி வைத்தால் மி.மீ.-க்கு 1,600 அடி, விநாடிக்கு 5 மி.மீ.-க்கு 8,000, ஓடாது. அங்கே நான்கில் ஒன்று வையுங்கள் (ஷீல்டில் டிரைவருக்கு அடியில் உள்ள மூன்றில் நடு ஜம்பர் மட்டும்): மி.மீ.-க்கு 400, விநாடிக்கு 2,000. மூட்டுகளுக்கு எட்டில் ஒன்று (முதல் இரு ஜம்பர்): சுற்றுக்கு 25,600 அடி. விநாடிக்கு 20 பாகை வேகத்தில் ஓட்டினால் மூட்டுக்கு 1,422 அடி, இரண்டும் சேர்ந்து ஓடினாலும் தாங்கும்.

கோணக் கணக்கு: எக்ஸ், ஒய் இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி, 200-இன் வர்க்கத்தையும் 150-இன் வர்க்கத்தையும் கழித்து, 60,000-ஆல் வகுத்தால் முழங்கைக் கோணத்தின் கொசைன் வரும். தோள் கோணம் என்பது இலக்கின் திசைக்கோணத்திலிருந்து ஒரு விலகலைக் கழித்தது. அந்த விலகலின் டேன்ஜென்ட், 150 × முழங்கை சைன் என்பதை 200 + 150 × முழங்கை கொசைன் என்பதால் வகுத்தது. சரிபார்க்க: எக்ஸ் 250, ஒய் 100 கொடுத்தால் முழங்கை 80.41 பாகை, தோள் −11.52 பாகை வர வேண்டும். வராவிட்டால் முதலில் பாருங்கள், ரேடியனைப் பாகையாக மாற்றினீர்களா என்று.

200, 150 என்று வரைபடத்தில் உள்ளதை அப்படியே நிரலில் எழுதாதீர்கள். இரு தண்டுகளின் வெளிவிளிம்புத் தூரத்தை வெர்னியரில் அளந்து, இரு விட்டங்களின் கூட்டுத்தொகையில் பாதியைக் கழித்து (தோள்-முழங்கைக்கு 20 மி.மீ., முழங்கை-கோலெட் தண்டுக்கு 14 மி.மீ.) வரும் எண்ணை எழுதுங்கள்.

12. பிட்டுக்கு முன் ரீஃபில்

கோலெட்டில் பால்பாயிண்ட் ரீஃபில் மாட்டி, கிராஃப் தாளில் புள்ளி வைத்துப் பாருங்கள். ட்ரில் ஓடக்கூடாது.

ஒரே இடத்துக்கு முழங்கையை இடப்பக்கம் மடித்து ஒரு புள்ளி, வலப்பக்கம் மடித்து ஒரு புள்ளி வையுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழாவிட்டால் முழங்கையின் சுழிநிலை (கோணம் 0 என்று நிரல் கொள்ளும் நிலை) தவறு. ஒன்று கிட்டவும் மற்றது தூரத்திலும் விழும். சுழிநிலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி இரண்டும் சேரும்வரை செய்யுங்கள். வேறெந்த அளவீடும் இவ்வளவு சீக்கிரம் உண்மையைச் சொல்லாது.

13. முதல் துளைகள்

கண்ணாடி போடுங்கள். கையுறை வேண்டாம், சுழலும் பிட் துணியைப் பிடித்தால் விரலையும் இழுக்கும். தலைமுடியைக் கட்டுங்கள், துப்பட்டாவையும் குளிருக்குச் சுற்றிய மப்ளரையும் கழற்றி வையுங்கள். ஒருவர் கை எப்போதும் அவசரப் பொத்தானருகில் இருக்கட்டும்.

சோதனைக்கு, நாற்றங்காலில் விதை ஊன்றும் பலகை ஒன்றைச் செய்யுங்கள். 150 × 200 மி.மீ. பரப்பில் 25 மி.மீ. இடைவெளியில் 63 துளை. பழுது எங்கே என்பதை வரிசை பிசகியதே காட்டிக்கொடுக்கும், பலகையும் பிறகு தோட்டத்துக்குப் பயன்படும்.

அடியில் ஒரு பழைய பலகை வைத்து, மேலே குறைந்தது இரண்டு கிளாம்ப். 118 பாகை முனையின் உயரம் விட்டத்தில் சுமார் 0.3 பங்கு, 5 மி.மீ.-க்கு 1.5 மி.மீ. ஆகவே 18 மி.மீ. பலகையைத் துளைக்க 20.5 மி.மீ. இறங்க வேண்டும். 6 மி.மீ.-க்கு ஒருமுறை முழுவதும் மேலே தூக்கித் தூளை வெளியேற்றுங்கள். அலுமினியத்தில் கடைசி 1 மி.மீ. பாதி வேகத்தில் இறங்கட்டும். தகட்டை பிட் கவ்வித் தூக்குவது அப்போதுதான்.

துளைகளைப் படியுங்கள். துளை தோளைச் சுற்றிய வளைவின் திசையில் நீண்டிருந்தால் தோள் பெல்ட் லூசு. வாய் அகலமாகவும் அடி சரியாகவும் இருந்தால் முனை வழுக்கியிருக்கிறது. சென்டர் ட்ரில்லால் முதலில் குழி போடுங்கள். எல்லாத் துளையும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் தூணும் மேசையும் செங்குத்தில் இல்லை. அடியில் மரம் சிலும்பாகப் பெயர்ந்தால் அடிப்பலகை ஒட்டி உட்காரவில்லை. முதல் பத்துத் துளை சரி, பிறகு மெல்ல விலகுகிறது என்றால் மோட்டார் அடி தவறுகிறது. டிசம்பர், ஜனவரி காலைகளில் இது அதிகம் நடக்கும்: உறைபனிக் குளிரில் கிரீஸ் கெட்டியாகிவிடும். ரெயிலுக்குக் கிரீஸ் வேண்டாம், மெல்லிய எண்ணெய் போடுங்கள், வேலைக்கு முன் எல்லா அச்சுகளையும் ஐந்து நிமிடம் மெதுவாக ஓட்டுங்கள்.

14. மலையில் இயந்திரத்தை வைத்திருப்பது

ஜூன் முதல் ஆகஸ்டு வரை கூடலூர்ப் பக்கத்தில் சுவரே வியர்க்கும். மூடுபனி சன்னல் வழியாக உள்ளே வந்தால் ரெயிலில் இரண்டே நாளில் துருப்புள்ளி தெரியும். வேலை முடிந்ததும் ரெயில், ஸ்க்ரூ, கோலெட், பிட் நான்கையும் எண்ணெய்த் துணியால் துடையுங்கள். பிட்டுகளை மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போடுங்கள். இயந்திரத்தைப் பாலித்தீன் போட்டு மூடாதீர்கள். உள்ளே அடைபட்ட ஈரம் இரவில் இரும்பின்மேல்தான் வேர்க்கும். பருத்தித் துணி போர்த்தி, மின்பெட்டிக்குள் 15 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தனி ஸ்விட்சில், ஒயரும் பலகையும் தொடாத இடத்தில் எரியவிட்டால் பெட்டி உலர்ந்தே இருக்கும்.